கூப்பிடாமல் வந்தவர்

நாங்கள் கருவடிக்குப்பத்துக்குக் குடிவந்த அன்று, வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்றும்போது சுமை தூக்கியவர் ஒருவரின் விரல் படிக்கட்டுச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் "ஐயோ" என்று கத்தி முடிப்பதற்குள், அரைக்கால் சட்டையும் வெள்ளை பனியனும் போட்ட உயரமான வயதானவர் ஒருவர் வந்து நின்றார். கையில் சிவப்பு பிஸ்கட் டப்பா. யாரையும் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்து ஒதுக்கினார்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க. தண்ணி கொண்டாங்க."

விரலைக் கழுவித் துடைத்து, டப்பாவைத் திறந்து பஞ்சு வைத்துக் கட்டினார். கட்டின் முனையைச் செருகிவிட்டு "வொலா" என்றார். அவ்வளவுதான், முடிந்தது என்பதற்கு பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்களாம். அடிபட்டவர் கும்பிடுவதற்குள் பக்கத்து வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"யாரு அவரு?" என்று கீழ்வீட்டு வளர்மதியைக் கேட்டேன். அவளும் எங்களைப் போல அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள்.

"முசியேக்கா. பிரெஞ்சு மிலிட்டரில இருந்துட்டு வந்தவரு. நம்ம தெருல யாருக்கு என்னா ஆனாலும் அவருதான் மொதல்ல வருவாரு."

"நீ கூப்பிட்டியா?"

"அவர யாருக்கா கூப்புடுவா? அவரா வந்துடுவாரு."

அவருக்குப் பெயர் இருந்தது. தபால்காரருக்குத் தெரியும். தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் முசியேதான், பிரெஞ்சில் ஐயா என்பதுபோல. மனைவி சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். ஒரே மகள் பிரான்சில், லியோனில் இருந்தாள். காலையில் வாசலில் நாற்காலி போட்டு, ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுவார். மத்தியானம் வீட்டுக்குள்ளிருந்து பிரெஞ்சுச் செய்தி கேட்கும். அதிகம் பேசுகிறவரில்லை. விசேஷங்களுக்கு அழைத்தால் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமலேயே போய்விடுவார். ஆனால் எங்கேயாவது ஒரு பாத்திரம் பெரிய சத்தத்தோடு விழுந்து, தொடர்ந்து ஒரு குரலும் எழுந்தால் போதும். பாதி முகம் மழித்து, மீதிப் பாதியில் சோப்பு நுரையோடு அவர் தெருவில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். சோற்றுக்கையை உதறிக்கொண்டே ஓடியதையும் பார்த்திருக்கிறேன். எழுபதை நெருங்கியவர். நீளமான கால்கள். ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் ஒரு வேகம்.

என் மாமனார் எங்களோடு வந்து தங்கியிருந்தபோது ஒருநாள் காலை நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை. நான் "மாமா, மாமா" என்று கத்தினேன். மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். முசியே உள்ளே வந்து, அவர் கையைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார்.

"சர்க்கரைக்கு மாத்திரை போடறாரா?"

"ஆமா."

"சாப்பிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"சீனி எடு. சீக்கிரம்!"

மாமனாரின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். சற்று நேரத்தில் மாமனார் கண்ணைத் திறந்து, "யார் இவரு?" என்று கேட்டார். முசியே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. ஆஸ்பத்திரியில் டாக்டரும், சரியான நேரத்தில் செய்தீர்கள் என்று பாராட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குத் தனி மரியாதை.

தெரு முழுக்க இப்படி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். வளர்மதியின் வீட்டுக்காரர் செல்வத்துக்கும் ஒன்று உண்டு. அவர்களுடைய மகள் யாழினியின் முதல் பிறந்தநாளுக்கு பிரியாணி செய்திருந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்ட செல்வத்தின் தொண்டையில் கறித்துண்டு சிக்கிக்கொண்டது. மூச்சும் வரவில்லை, குரலும் வரவில்லை. எல்லோரும் தண்ணீரை நீட்டினார்கள். முசியே பின்வரிசையிலிருந்து பாய்ந்து வந்து, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு, செல்வத்தைக் குனிய வைத்து முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். துண்டு வெளியே வந்து விழுந்தது. செல்வம் கண்ணில் நீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா எம்புள்ள அப்பன் இல்லாம நின்னிருக்கும் முசியே" என்றார். முசியே கையை உருவிக்கொண்டு, "மெதுவா துண்ணு" என்றார்.

ஆனால் எனக்கு அவரிடம் ஒரு சின்ன பயமும் இருந்தது. தெருமுனை வீட்டு அம்மா ஸ்கூட்டியிலிருந்து சறுக்கி விழுந்தபோது, மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முசியே அதைப் பிடித்து நேராக்கினார். அந்த அம்மா அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு முறிந்திருந்தது தெரிந்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த அம்மா அவரைக் குறை சொல்லவில்லை. "பாவம், நல்லதுக்குத்தான செஞ்சாரு" என்றார். என் வீட்டுக்காரர் மட்டும் அன்று சாப்பிடும்போது, "இந்த மனுஷன் டாக்டருக்குப் படிச்சவரா?" என்று கேட்டார்.

"மிலிட்டரில இருந்தவராச்சே."

"மிலிட்டரின்னா எல்லாருக்கும் வைத்தியம் தெரியுமா?"

தெருவில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஓடி வருகிற மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம்.

யாழினிக்குக் காது குத்துவதற்கு நாள் குறித்திருந்தார்கள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நடக்கக் கற்றுக்கொண்ட புதுசு. எதைப் பார்த்தாலும் எடுத்து வாயில் வைப்பாள். விசேஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, செல்வம் ஜன்னல் கம்பிகளுக்குத் தானே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ் கழுவுவதற்கு வாங்கிய தின்னரில் மிச்சம் இருந்ததை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். மூடியைச் சரியாக முடுக்கவில்லை. அந்த மாதிரி பாட்டிலில்தான் வளர்மதி பிள்ளைக்கு எப்போதும் தண்ணீர் கொடுப்பாள்.

வளர்மதியின் அலறல் கேட்டு நான் மாடியிலிருந்து ஓடி இறங்கினேன். அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் சுற்றிச் சுற்றி வந்தாள். யாழினி இருமினாள். அவள் சட்டையெல்லாம் தின்னர் நாற்றம். காலி பாட்டில் கீழே உருண்டு கிடந்தது. முசியே எனக்கு முன்பே அங்கே இருந்தார்.

"என்னா குடிச்சிது?"

"தின்னருங்க முசியே! பாட்டில வாயில வச்சிட்டுது!"

"எவ்ளோ?"

"தெரிலியே! கீழ ஊத்துனது பாதி, குடிச்சது எவ்ளோன்னு தெரிலியே!"

"அழுவாத. குடு இங்க. செல்வம்! உப்புத் தண்ணி கொண்டா!"

பின்பக்கத்திலிருந்து வந்த செல்வம் பெயின்ட் கையோடு சமையலறைக்கு ஓடினார். ஒரு சொம்பில் உப்பைக் கொட்டி, கையாலேயே கலக்கிக்கொண்டு வந்தார். முசியே பிள்ளைக்கு உப்புத் தண்ணீரைப் புகட்டி, தன் தொடையில் குப்புறச் சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டார். பிள்ளை கால்களை உதைத்துத் திமிறியது. மறுபடி விரலை விட்டார். யாழினி வாந்தி எடுத்தாள். அவருடைய பனியன், கால், வாசல் எல்லாம் வாந்தி. தின்னர் நாற்றம் குப்பென்று வந்தது.

"வொலா" என்றார் முசியே. "வெளிய வந்துடுச்சி. பயப்படாதீங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். ஆட்டோ புடிங்க."

வளர்மதி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆட்டோவில் வளர்மதி, பிள்ளை, நான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் முசியே. செல்வம் பாட்டிலை எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னால் வந்தார். பாதி வழியிலேயே பிள்ளையின் இருமல் மாறிவிட்டது. உள்ளிருந்து ஏதோ கிழிவது போல ஒரு சத்தம். மூச்சு வேகவேகமாக வாங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டோரம் நிறம் மங்கியது. முசியே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அலே, அலே, போ" என்று டிரைவரைத் துரத்தினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியவர் ஒரு இளம் டாக்டர் அம்மா. ஆக்சிஜன் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வாந்தி தானா வந்துச்சா? நீங்க எடுக்க வச்சீங்களா?"

வளர்மதி என்னைப் பார்த்தாள். செல்வம் தரையைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர்" என்றார் முசியே. "உப்புத் தண்ணி குடுத்து, விரல வுட்டு எடுக்க வச்சேன்."

டாக்டர் அம்மா ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையோடு உள்ளே போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்துதான் விளக்கினார். குரலில் கோபம் இல்லை. "தின்னர், மண்ணெண்ணெய் மாதிரி எதக் குடிச்சாலும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாதுங்க. வயித்துல போனதுகூட அவ்வளவா ஒண்ணும் பண்ணாது. வாந்தில மேல வரும்போது அது நுரையீரலுக்குள்ள எறங்கிடும். குழந்தைக்கு இப்ப அதான் ஆயிருக்கு. உப்புத் தண்ணியும் ஆபத்து. எதுவும் குடுக்காம, என்ன குடிச்சிதோ அந்த பாட்டிலோட நேரா இங்க தூக்கிட்டு வந்துடணும்."

"பொழைச்சிடுமா?" என்று செல்வம் கேட்டார்.

"பாக்கலாம். இன்னிக்கும் நாளைக்கும் கவனமா பாக்கணும்."

அவர் போனதும் செல்வம் திரும்பினார். முசியே சுவரோரம் நின்றிருந்தார். வாந்தி காய்ந்த பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது.

"உங்கள யாருய்யா கூப்புட்டது?" என்றார் செல்வம். "யாரு கூப்புட்டது உங்கள? நேரா தூக்கிட்டு வந்திருந்தா எம்புள்ள நல்லா இருந்திருக்கும். பெரிய டாக்டர் மாதிரி டப்பாவ தூக்கிட்டு வந்துடறீங்க!"

காரிடாரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். முசியே தலையைக் கொஞ்சம் ஆட்டினார், ஆமாம் என்பது போல. பிறகு படியிறங்கிப் போனார். ஓடாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் அப்படி இறங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த சில நாட்கள் பிள்ளைக்கு ஜுரம் கொதித்தது. நான் வேலை முடிந்து சாயங்காலம் வளர்மதிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில், முசியே ஒரு மரத்தடியில் நின்றிருப்பார். பனியனில் இல்லை, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில். உள்ளே வரமாட்டார். நான் வெளியே வரும்வரை நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மூச்சு எப்படிம்மா இருக்குது?"

"பரவாயில்லன்னு சொன்னாங்க."

"சரிம்மா."

ஒருநாள், "இருமல் கொறஞ்சிருக்கு, பால் குடிச்சா" என்றேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

யாழினி பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது, நுரையீரல் சரியாகிவிடும், கொஞ்ச காலம் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர் அம்மா. இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பெரியவர் மாதிரி செய்யறவங்க நிறையப் பேர். தண்ணி பாட்டில்ல தின்னர ஊத்தி வச்சதுதான் மொதல் தப்பு." செல்வம் அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

இதை முசியேவிடம் சொன்னால் அவர் மனம் ஆறும் என்று நினைத்து, அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. எல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

"அது அவன் தப்பும்மா. அத அவன் பாத்துக்குவான். என் தப்பு எங்கிட்டதான இருக்குது."

"நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க?"

"மிலிட்டரில நான் என்னா வேலை பாத்தேன் தெரியுமா?" என்று கேட்டார். "குசினி. சமையல்காரன். ஆயுசு பூரா வெங்காயம்தான் வெட்டுனேன். வைத்தியம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. அங்க இங்க பாத்ததுதான்."

உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாராச்சும் கத்துனா கால் தானா போயிடுதும்மா. போன பெறகு சும்மா நிக்க முடியுதா? எதாச்சும் செய்யணும்போல இருக்கும். செய்வேன். முக்கால்வாசி வாட்டி சரியாப் போச்சு. சரியாப் போவப் போவ, எனக்குத் தெரியும்னு நானே நம்பிட்டேன்."

மறுநாள் குப்பை வண்டிப் பெண் தெருவில் குரல் கொடுத்தாள். "முசியே, இது நல்ல டப்பாவா இருக்குதே, தெரிஞ்சிதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சிதான். நீ எடுத்துக்க. உள்ள இருக்கறத மட்டும் கொட்டிடு."

தெரு அவரைப் பேசாத பேச்சில்லை. அவர் சீனி கொடுத்ததையும் முதுகில் தட்டியதையும் சொல்லிக்கொண்டிருந்தவர்களே, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று ஆரம்பித்தார்கள். உப்புத் தண்ணீர் கலந்துகொண்டு வந்தது யார் என்று ஒருவரும் பேசவில்லை. செல்வத்தின் கோபம் வெகுநாள் தணியவில்லை. பிள்ளை பட்ட பாட்டுக்குத் தானும் ஒரு காரணம் என்ற நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை என்றும், அதை இறக்கி வைக்க இன்னொரு தோள் கிடைத்தது என்றும் எனக்குத் தோன்றும்.

அதன் பிறகு எங்கள் தெருவில் சத்தம் கேட்டால் முசியே வருவதில்லை. ஒருமுறை கல்லூரிப் பெண் ஒருத்தி வண்டியோடு அவர் வீட்டுக்கு நேர் எதிரே விழுந்தாள். நெற்றியில் ரத்தம். பழக்கதோஷத்தில் எல்லோரும் அவர் வீட்டைத்தான் பார்த்தோம். அவர் கேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"முசியே, வாங்களேன்!" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணுங்க. அதுவரைக்கும் ஆட்டாதீங்க" என்றார். சொன்னது சரிதான். ஆம்புலன்ஸ் வந்தது, அந்தப் பெண்ணும் நன்றாக இருக்கிறாள். ஆனால் அவர் இரண்டு கைகளாலும் கேட்டுக் கம்பிகளை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ அவரை வெளியே இழுப்பது போல. வண்டி போனபிறகும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும் போல யாழினிக்கும் சளி பிடிக்கும். அவள் இருமினால், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மதில் பக்கமாக அவர் வந்து நிற்பார். செடிக்குத் தண்ணீர் விடுவது போல் குவளையோடு நிற்பார். மழையில் நனைந்த செடிக்கு எதற்குத் தண்ணீர்? நான் மாடியிலிருந்து பார்ப்பேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். இருமல் நின்றால் உள்ளே போவார்.

வளர்மதிக்கும் அது தெரியும். "நிக்கறாருக்கா" என்பாள் என்னிடம். "நான் போயி பேசட்டா?"

"பேசேன்."

"இவரு கோவிச்சுக்குவாரு." செல்வத்தைத்தான் சொல்வாள். பேசாமல் பிள்ளையைத் தூக்கிவந்து மதில் பக்கத்து ஜன்னலோரமாகப் படுக்க வைப்பாள்.

யாழினி ஓட ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்தாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. முசியே வீட்டு கேட்டில் தொங்கிக்கொண்டு "தாத்தா, தாத்தா" என்று கூப்பிடுவாள். அவர் உள்ளிருந்தே, "அம்மாகிட்ட போ கண்ணு" என்பார். வெளியே வந்தால்கூட கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அவளுக்கு நாலு வயது நடக்கும்போது ஒரு சாயங்காலம், அவர் வாசலிலேயே கால் தடுக்கி விழுந்தாள். முட்டி தேய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. முசியே கேட்டருகில்தான் நின்றிருந்தார். பிள்ளை உட்கார்ந்தபடி அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டி அழுதது.

"வளர்மதி!" என்று கூப்பிட்டார். "வளர்மதி, புள்ள விழுந்துடுச்சி!"

வளர்மதி வெளியே வந்தாள். நான் படியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தூக்குங்க முசியே" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

"பக்கத்துலதான நிக்கறீங்க. தூக்குங்க."

அவர் கேட்டைத் திறந்தார். குனிந்தார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அதற்குள் அம்மாவின் குரல் கேட்ட பிள்ளை எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து வளர்மதியின் காலைக் கட்டிக்கொண்டது. முசியே குனிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, ஏதோ விழுந்ததைத் தேடியவர் போலத் தரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் கொஞ்சம் கழிச்சி வெளிய வந்திருக்கணும்க்கா" என்று வளர்மதி பிறகு எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவருடைய மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தனியாக விட முடியாது, வயதாகிறது என்றாள். அவர் மறுத்துப் பேசவில்லை. கிளம்பிய அன்று தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றோம். டாக்சியில் பெட்டியை ஏற்றும்போது செல்வம் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "மெர்சி" என்று நன்றி சொன்னார் முசியே. செல்வம் தலையாட்டினார். அதற்கு முன்தினம்தான் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "அன்னிக்கு நானுந்தான உப்புத் தண்ணி கலக்கிக்கிட்டு வந்தேன்க்கா" என்றிருந்தார். "இத அவருகிட்ட சொல்லலாமே செல்வம்" என்றேன். "சொல்லணும்" என்றார். டாக்சி தெருமுனை திரும்பும்வரை நின்றார், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியதும் வளர்மதிக்கு வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. முசியே. "அங்க மழையாம்மா? பாப்பா இருமுதா?" என்று கேட்டார். அதன் பிறகு அடிக்கடி கூப்பிட்டார். முகம் பார்த்துப் பேசலாமே என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஒருநாள் வளர்மதி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நானும் இருந்தேன்.

"வளர்மதி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க முசியே."

"பாப்பாவ தெருக்கோடி வரைக்கும் ஓடிட்டு வரச் சொல்லு. வந்த ஒடனே போன அதுகிட்ட குடு."

வளர்மதிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. யாழினிக்கு ஓடச் சொன்னால் போதும். மழை விட்டு ஈரமாயிருந்த தெருவில் பின்னல் துள்ள ஓடி, கோடி வீட்டு கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மேல்மூச்சு வாங்கப் போனைப் பிடித்தாள்.

"தாத்தா, ஓடிட்டு வந்துட்டேன், கேக்குதா?"

"கேக்குது கண்ணு. பேசாத. மூச்சு மட்டும் வுடு."

அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளுடைய மூச்சு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வீசிங் இல்லை, இழுப்பு இல்லை. சாதாரணமாக ஓடி வந்த ஒரு பிள்ளையின் மூச்சு. வளர்மதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாத்தா, இன்னொரு வாட்டி ஓடட்டா?"

"வேணாம்மா. வழுக்கும்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செல்வம் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையை நீட்டினார். "போன குடு பாப்பா." ஆனால் யாழினி அதற்குள், பிள்ளைகள் செய்வது போல, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தாள்.

"தாத்தா வச்சிட்டாருப்பா."

"சரி. அடுத்த வாட்டி பண்ணும்போது எங்கிட்ட குடு" என்றார் செல்வம். வளர்மதி, "இப்பவே நீங்க பண்ணுங்களேன்" என்றாள். "அங்க இப்ப என்னா நேரமோ. அவரே பண்ணுவாரு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

அதன் பிறகு மார்கழியில்தான், ஒருநாள் காலை, அந்த எண்ணிலிருந்து போன் வந்தது. வளர்மதி குளித்துக்கொண்டிருந்தாள். செல்வம் போனை எடுத்துப் பார்த்தார். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தார். நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது எனக்குக் கேட்டது.

"முசியே, நான் செல்வம் பேசறேன்" என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பக்கம் அழுதது முசியேவின் மகள்.